அத்தான் கடைத் தண்ணீர்

ஆற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு வாய்கூடக் குடிக்க முடியாது என்பதுதான் ஊருக்கு வந்த கேடு. மேலே எங்கோ ஓர் ஆலையின் எண்ணெய்த் தொட்டி உடைந்து, தண்ணீரின் மேல் பளபளவென்று ஒரு படலம் மிதந்து வந்துவிட்டது. நீரேற்று நிலையத்தின் மோட்டார்களை நிறுத்திவிட்டார்கள். மிச்சம் இருந்தது பழைய ஆழ்துளைக் கிணறுகள் சிலவும், வெளியூரிலிருந்து வரும் டேங்கர் லாரிகளும்தான். ஆறு தெளிகிறவரை ஊர் முழுக்க அதை வைத்துத்தான் பிழைக்க வேண்டும்.

யாருக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்கும் வேலை, நகராட்சித் தண்ணீர்ப் பிரிவில் இருந்த ஓர் இளைஞனின் தலையில் விழுந்தது. ஊரில் அவனைத் தராசு என்பார்கள். சின்ன வயதில் அக்காவும் அவனும் ஒரு மிட்டாயைப் பிய்த்தால், எந்தப் பாதி பெரியது என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பானாம். பெரியது தன் கையில் இருந்தால் ஓரத்தைக் கடித்துச் சமமாக்கிய பிறகுதான் நிம்மதி வருமாம்.

"கடிச்சதை யாரு முழுங்கினாங்கன்னு மட்டும் கேட்டுடாதீங்க" என்று அக்கா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

அலுவலக மாடியில், ஊரின் குழாய் வரைபடம் ஒரு சுவரை முழுதாக அடைத்துக்கொண்டிருந்தது. தராசு அதற்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டான். நகராட்சியில் இருந்த கட்டட வரைபடங்களையெல்லாம் தூசி தட்டி எடுத்தான். பள்ளிக்கூடத்தில் எத்தனை கழிப்பறை, மருத்துவமனையில் எத்தனை படுக்கை, அங்கே சமையலறை எங்கே, சலவைக்கூடம் எங்கே என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் திட்டம் போட்டான். போட்டதை அழித்தான். அழித்ததையே திரும்பப் போட்டான். மருத்துவமனைக்கு மட்டும் ஒரு சொட்டும் குறைக்கவில்லை. வீடுகளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் போதுமான அளவு. தொழில் செய்கிறவர்களில் தண்ணீரை அதிகம் விழுங்குகிற கடைகளை மூடியாக வேண்டும்.

அந்தக் கடைசி விஷயத்தில்தான் ஊர் இரண்டாக உடையும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். பொது மண்டபத்தில் கூட்டம் போட்டபோது, கார் கழுவும் கடைக்காரர் முதல் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பளபளா என்று பெயர். கார் மட்டுமல்ல, அவர் செருப்பும் தலையும்கூட அப்படித்தான் இருக்கும்.

"யாரு கடையை முதல்ல மூடுறாங்கன்னு பாப்போம். நம்மள மாதிரி நாதியத்தவன் கடையாத்தான் இருக்கும்" என்றார், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி.

நகராட்சித் தலைவி மைக்கைத் தராசிடம் கொடுத்தார். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"முதல்ல மூட வேண்டியது, பேருந்து நிலையத்துக்கு எதிர்ல இருக்கிற சலவைக்கடை."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அட, சொந்த அத்தான் கடையாச்சே!"

பளபளாவின் கட்டியிருந்த கைகள் தானாக அவிழ்ந்தன. அடுத்து அவர் கடை, நீச்சல் குளம், ஐஸ் தொழிற்சாலை என்று தராசு சொல்லிக்கொண்டே போனான். ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. மறுநாள் டேங்கர் லாரிக்கு முன்னால் வரிசையில் நின்ற பெண்கள், "அக்கா புருஷனுக்கே இல்லைன்னுட்டான். அவன்கிட்ட போய் நாம என்ன சண்டை போடறது?" என்று பேசிக்கொண்டார்கள். யாரும் குழாயை உடைக்கவில்லை, லாரியை மறிக்கவில்லை. ஊர் அவன் முதலில் சொன்ன அந்த ஒரு பெயரின் மேல் நின்றது.

தராசுக்கு அதில் பெருமை இருந்தது. கூடவே ஓர் உறுத்தலும் இருந்தது. சலவைக்கடையை முதலில் சொன்னது அது அதிகத் தண்ணீர் குடிப்பதாலா, சொன்னால் நன்றாக இருக்கும் என்பதாலா? அவன் தன்னையே கேட்டுப் பார்த்தான். பதில் நேராக வரவில்லை.

*

அவன் இருந்தது அக்கா வீட்டு மாடி அறையில். மூன்று வேளையும் சாப்பாடு கீழேதான். திட்டம் தொடங்கிய அன்றே அவன் ஒரு கட்டளை போட்டுவிட்டான். வீட்டில் யாரும் தண்ணீரைப் பற்றிப் பேசக் கூடாது, பேசினால் எழுந்து போய்விடுவேன் என்று. சொந்தக்காரர்கள் காதில் ஓதுகிறார்கள் என்று நாளைக்கு ஒருவரும் சொல்லிவிடக் கூடாது அல்லவா?

கடை மூடிய அன்று மதியம் அத்தான் வீட்டில் இருந்தார். அந்த நேரத்தில் அவர் வீட்டில் இருந்து யாரும் பார்த்ததில்லை. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவர் போல் உட்கார்ந்திருந்தார். வருஷக்கணக்கில் சோப்புத் தண்ணீரில் ஊறிய கைகள் அவை.

"மச்சான், ஒரு விஷயம்" என்று தொடங்கினார்.

"அத்தான், வேண்டாம்."

"கடையைப் பத்தி இல்லப்பா."

"எதைப் பத்தியா இருந்தாலும் தண்ணில வந்துதான் முடியும்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "டேய், மனுஷன் சொல்ல வர்றதை ஒரு நிமிஷம் கேளேன். ஆஸ்பத்திரில..."

"ஆஸ்பத்திரிக்கு முழுசா குடுத்திருக்கேன் அக்கா. ஒரு சொட்டு குறைக்கல."

"அதைச் சொல்லல, நான் சொல்ல வர்றது..."

தராசு பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனான். கழுவவும் தண்ணீரை எண்ணி எண்ணித்தான் ஊற்றிக்கொண்டான். அவன் படியேறும் சத்தம் கேட்டதும் அத்தான் மெல்லச் சொன்னார்: "விடு. அவன் மண்டைக்குள்ள ஊரே ஓடிக்கிட்டிருக்கு. ஆஸ்பத்திரித் துணிக்கு வேற ஏதாவது ஏற்பாடு பண்ணாமலா இருப்பாங்க? இவ்வளவு யோசிச்சவன் அதை யோசிக்காம விட்டிருப்பானா?"

"உங்க மச்சான் மேல உங்களுக்கு இருக்கிற நம்பிக்கை, கூடப் பொறந்த எனக்கே இல்ல" என்றாள் அக்கா.

*

சில நாட்கள் கழித்து ஒரு காலையில், மருத்துவமனையின் தலைமைச் செவிலி அலுவலக மாடிக்கு ஏறி வந்தார். கையில் வாய் இறுகக் கட்டிய ஒரு கறுப்புப் பை. அதைத் தராசின் மேசை மேல் தொப்பென்று வைத்தார்.

"பயப்படாதீங்க, திறக்க மாட்டேன். உள்ள பெட்ஷீட்டு. இதை எங்க துவைக்கிறதுன்னு மட்டும் சொல்லுங்க."

"உங்க சலவைக்கூடத்துலதான்."

"எந்தச் சலவைக்கூடத்துல?"

தராசு மருத்துவமனையின் வரைபடத்தை விரித்து, பின்கட்டில் ஒரு சதுரத்தைத் தொட்டுக் காட்டினான். சலவைக்கூடம் என்று தெளிவாக எழுதியிருந்தது. அதற்கென்றே தனியாகத் தண்ணீரும் ஒதுக்கியிருந்தான்.

செவிலி அந்தச் சதுரத்தை உற்றுப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். "எழுந்து வாங்க" என்றார்.

மருத்துவமனையின் பின்கட்டுக்கு அழைத்துப்போய் ஒரு கதவைத் திறந்தார். உள்ளே வெள்ளையாக, பெரிய வளையம் போல ஒரு ஸ்கேன் எந்திரம் நின்றது. பக்கத்தில் ஒருவர் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"இதுதான் உங்க சலவைக்கூடம். நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே மாத்திட்டாங்க. துவைக்கிறீங்களா? உள்ள படுங்க, ஃபோட்டோ வேணா எடுத்துத் தர்றோம்."

"அப்ப... இவ்வளவு நாளா யாரு துவைச்சாங்க?"

"யாரா? உங்க அத்தான்தான். விடியறதுக்குள்ள வேன் வரும், மூட்டையை எடுத்துட்டுப் போகும், மத்தியானம் வெளுத்து வந்துடும். ஏங்க, ஒரே வீட்டுல உக்காந்து சாப்பிடுறவருக்கு இது தெரியாதா?"

தெரியாது. விடுதிகளின் மேசை விரிப்பு, ஊரார் சட்டை, இவைதான் அத்தான் கடை என்று அவன் நினைத்திருந்தான். ஒருநாளும் கேட்டதில்லை. இந்த வாரம் கேட்கவே மாட்டேன் என்று வேறு கட்டளை போட்டிருந்தான்.

"வேன் வரலைன்னதும் நீங்க ஏன் உடனே சொல்லல?"

"எங்க ஸ்டோர்க்காரன்கிட்ட கேட்டேன். 'பிளான்ல சலவைக்குன்னு தனியாவே தண்ணி வருது, நகராட்சியே ஏதோ பண்ணுவாங்க'ன்னான். அலமாரில மடிச்சு வெச்சதை எடுத்து ஓட்டினோம். அலமாரி நேத்தோட காலி."

பிரசவ வார்டில் ஓர் இளம் தாய் வழுவழுப்பான ரெக்சின் மெத்தை மேல் செய்தித்தாள் விரித்துப் படுத்திருந்தாள். அவள் புரளும்போதெல்லாம் தாள் சரசரத்தது. அந்தச் சத்தத்துக்குக் குழந்தை ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டது.

"நாளைக்கு ரெண்டு ஆபரேஷன்" என்றார் செவிலி. "விரிக்கவும் போர்த்தவும் சுத்தமான துணி இல்லை. தள்ளிப்போடலாமான்னு டாக்டர் கேக்கிறார். ஒண்ணைத் தள்ளலாம். இன்னொண்ணு வயித்துல இருக்கிற குழந்தை. அதுகிட்ட யாரு போய்ப் பேசறது?"

வெளியே வந்தபோது பின்சுவர் மேலிருந்து கீழ்வரை நனைந்திருந்தது. இல்லாத சலவைக்கூடத்துக்கு அவன் விட்ட தண்ணீர், மொட்டைமாடித் தொட்டி நிறைந்து, தினமும் இந்தச் சுவர் வழியாக இறங்கி மண்ணுக்குப் போயிருக்கிறது. தராசு உள்ளங்கையைச் சுவரில் வைத்தான். சில்லென்றிருந்தது. கீழே அந்த ஈரத்தில் புல் தழைத்திருந்தது.

*

நகராட்சித் தலைவி விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கும்போதே யோசித்தும் முடித்துவிட்டார்.

"ரொம்ப சுலபம் தம்பி. மருத்துவமனைக்கு அதிகமா போற தண்ணியைக் குறைச்சு, உங்க அத்தான் கடைப் பக்கம் திருப்பி விடுங்க. ஊருக்குச் சொல்ல வேண்டாம். துணி வெளுத்தா போதும்."

"சொல்லாமலா, மேடம்?"

"சொன்னா என்ன ஆகும்? நீங்க அத்தான் கடையை மூடினதாலதான் ஊரு அடங்கிக் கிடக்கு. அதே கடையை நீங்களே திறக்கிறேன்னு சொன்னா, நாளைக்குப் பளபளா திறப்பார், நாளன்னைக்கு நீச்சல் குளம். அப்புறம் லாரியை நடுரோட்டுல மறிப்பாங்க. அவங்க மேல தப்பும் சொல்ல முடியாது."

அவர் சொன்னதில் பிசகு இல்லை. அதுதான் தராசுக்குப் பயமாக இருந்தது. அவன் சலவைக்கடைக்கு நடந்தான். கதவு பாதி இறக்கியிருந்தது. உள்ளே அத்தான் ஓடாத எந்திரங்களின் கதவுகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா ஒரு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள்.

தராசு நடந்ததைச் சொன்னான். சொல்லி முடித்து, "அன்னிக்கு நீ சொல்ல வந்தது இதுதானா அக்கா?" என்றான்.

"இல்லடா. வானம் மேல இருக்கு, பூமி கீழ இருக்குன்னு சொல்ல வந்தேன்."

அவன் தலை தானாகக் குனிந்தது. "தப்பு என்மேலதான். கேட்டிருக்கணும்."

"நானும் விட்டிருக்கக் கூடாது" என்றார் அத்தான். "ஆனா ஒண்ணு மச்சான். இப்ப நான் கடையைத் திறக்க மாட்டேன்."

"ஏன் அத்தான்?"

"என் கடையைத் திறந்தா உன் பிளான் மூடிடும். ஊரு உன்னை என்னன்னு பேசும்? என்னாலதான் அந்தப் பேச்சுன்னு நான் எப்படித் தலை நிமிர்ந்து நடக்கிறது? துணியை வெளியூருக்கு அனுப்பிப் பாருங்க."

"பக்கத்து ஊரெல்லாம் இதே ஆத்துத் தண்ணிதான் அத்தான். லாரி வர்ற ஊர்ல இவ்வளவு துணி துவைக்கிற கடை இல்ல. விசாரிச்சுட்டேன்."

"அப்ப தலைவி அம்மா சொன்ன மாதிரி சத்தமில்லாமத் திறப்போம்."

"உங்க கடைப் புகைபோக்கில ஆவி கிளம்பினா பேருந்து நிலையமே பாக்கும். கண்ணால பாத்தவங்க, காதால கேட்டவங்களைவிட ஆயிரம் மடங்கு பேசுவாங்க."

அக்கா எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "நல்லா இருக்கு. அவருக்கு உன் பேரு கெட்டுடக் கூடாது. உனக்கு ஊரு கெட்டுடக் கூடாது. ரெண்டு பேரும் நல்லவங்களாவே இருந்து தொலைங்க. அங்க ஒருத்தி பேப்பர்ல படுத்துக் கிடக்கட்டும்."

அத்தான் எந்திரத்தின் கதவைச் சாத்தினார்.

"கடைசி அலசல் தண்ணியைப் பிடிச்சு வெச்சு அடுத்த மூட்டையை அதுல ஊறப்போட்டா, பாதித் தண்ணி மிச்சமாகும்" என்றார், எந்திரத்திடம் பேசுகிறவர் போல. "உன் கூட்டத்துல அதையும் சேர்த்துச் சொல்லு."

*

மண்டபத்தில் தினமும் சாயங்காலம் கூட்டம் நடந்தது. மறுநாள் எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் என்று அங்கேதான் சொல்வார்கள். தராசு மைக்கைப் பிடித்தான். முதல் வாக்கியம் மட்டும் வந்துவிட்டால் போதும் என்று நினைத்தான். அது வரவே நேரமாயிற்று.

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

அவன் வரைபடத்தையும் ஸ்கேன் எந்திரத்தையும் நனைந்த சுவரையும் சொன்னான். எதையும் பூசி மெழுகவில்லை. கடைசியாக, "நாளைக் காலையிலேர்ந்து சலவைக்கடைக்குத் தண்ணி விடணும். ஆஸ்பத்திரித் துணிக்கு மட்டும். யாரு பங்குலேர்ந்தும் எடுக்கல. இதுவரைக்கும் வீணாப் போனதுதான்" என்றான்.

பளபளா எழுந்தார். எழும்போதே கைதட்டிக்கொண்டு எழுந்தார்.

"சபாஷ்! முதல்ல ஊரு மெச்ச மூடறது. ஊரு அசந்ததும் திறந்துக்கிறது. நான்கூட ஏமாந்துட்டேன்யா. வீட்டுல போய், 'மனுஷன்னா இவன் மனுஷன்'னு உன்னைப் பத்திப் பெருமையா வேற பேசினேன்."

"தினமும் சுவர் வழியாத் தண்ணி போச்சாம். எங்க பக்கம் விட்டிருந்தா குடிச்சிருப்போமே" என்று ஓர் அம்மாள் கத்தினார்.

"ஆஸ்பத்திரித் துணியோட துணியா நாலு சட்டையும் சேர்ந்து உள்ள போகாதுன்னு யாரு பாத்தா?" இது வேறொருவர்.

தலைமைச் செவிலி எழுந்து, "துணி இல்லைங்கிறது உண்மை. வந்து பாருங்க" என்றார். "துணி இல்லைங்கிறதை யாரும் பொய்னு சொல்லலம்மா" என்றார் பளபளா. "தண்ணி திறக்கிற சாவி மச்சான் கையில. கடை அத்தான் கையில. நடுவுல நாங்க வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கணுமா? அவ்வளவு யோக்கியன்னா அந்தச் சாவியை என்கிட்ட குடு பாப்போம்!"

மண்டபம் சிரித்தது. தராசு சிரிக்கவில்லை. வால்வைத் திருகும் அந்த நீளமான இரும்புச் சாவி மேடையில் அவன் நாற்காலியோரம்தான் சாய்ந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். பளபளாவின் முன்னால் போய் நின்று நீட்டினான்.

"அந்தக் கடை வால்வை நீங்க திறங்க. நீங்களே மூடுங்க. எந்த மூட்டை உள்ள போகுதுன்னு பக்கத்துல உக்காந்து பாருங்க. நான் கடைக்குள்ள காலெடுத்து வைக்க மாட்டேன்."

பளபளா சாவியைப் பார்த்தார். வேடிக்கைக்குக் கேட்டது இப்படிக் கையில் வந்து விழும் என்று அவர் நினைக்கவில்லை.

"எனக்கு வேற வேலை இல்லையா?"

"கடைதான் மூடிக் கிடக்கே, அப்புறம் என்ன வேலை?" என்றாள் பின்வரிசையில் ஒரு பெண். இந்தத் தடவை சிரிப்பு பளபளாவின் மேல் விழுந்தது. அவர் விருட்டென்று சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஒரே ஒரு சட்டை. வேண்டாம், ஒரு கைக்குட்டை என் கண்ணுல பட்டாலும் மூடிடுவேன், சொல்லிட்டேன்."

"மூடுங்க" என்றான் தராசு.

எல்லாரும் சமாதானமாகவில்லை. கடைசி இரண்டு வரிசைகள் கூட்டம் முடியும் முன்பே எழுந்து போய்விட்டன. போகும்போது ஒருவர், "இனிமே இவன் சொல்ற நேரத்தை எல்லாம் எவன் நம்புவான்?" என்றது மேடைவரை கேட்டது.

*

காலையில் பளபளா வால்வைத் திருகினார். பழக்கமில்லாத கை. முதலில் எதிர்ப்பக்கம் திருகிவிட்டு, அதற்கும் அத்தானைத்தான் திட்டினார். தராசு சாலையின் மறுபக்கம் நின்றான். குழாயில் முதலில் காற்று சீறியது. பிறகு தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

பளபளா ஒரு முக்காலியை எந்திரத்துக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு மூட்டையும் அவர் முன்னால் அவிழ வேண்டும் என்பது அவர் உத்தரவு. முதல் மூட்டை அவிழ்ந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினார்.

"எங்க போறீங்க? நல்லா உத்துப் பாருங்க, கைக்குட்டை ஏதாவது இருக்கப் போகுது" என்றார் அத்தான்.

"யோவ், இதைத் தினமுமா பாக்கிறே?"

"தினமும்தான்."

பளபளா மூக்கைப் பொத்தியபடியே திரும்பி வந்து, முக்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அதற்கு மேல் தராசு அங்கே நிற்கவில்லை. அடுத்த தெருவில் டேங்கர் லாரி வந்துவிட்டிருந்தது. வரிசை வழக்கத்தைவிட நெருக்கமாக இருந்தது, பேச்சும் வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தது. அவன் வருவதைப் பார்த்து இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முதல் நாளிலிருந்து அவன் ஊற்றியதை ஊற்றியபடி வாங்கிப்போன ஒரு பெண், இன்று கேனைத் தூக்காமல் அங்கேயே நின்றாள்.

"அளந்து ஊத்துங்க தம்பி. எனக்குத் தெரியற மாதிரி."

தராசு கேனைக் கவிழ்த்துத் தண்ணீரை லாரிக்குப் பக்கத்தில் வைத்திருந்த தொட்டிக்குள் திருப்பி ஊற்றினான். அளவு வாளியை எடுத்து நிரப்பி, கோடு அவள் கண்ணுக்கு நேராக இருக்கும்படி உயர்த்திப் பிடித்தான். அவள் உற்றுப் பார்த்தாள். பிறகு ஊற்றினான். அவளுக்குப் பின்னால் இருந்தவளும் கேனைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

அவளுக்கும் அளந்து காட்டினான்.